எம்.எஸ். உள்ளவர்களுக்கு எந்த விளையாட்டுக் கருவி?

மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) நோய் உள்ளவர்கள் உடற்பயிற்சியைத் தள்ளிப்போட்டால் அதைச் சோம்பல் என்று சொல்லிவிடாதீர்கள். அசதி, தள்ளாட்டம், வெளியே கிளம்புவதற்கே தீர்ந்துபோகும் தெம்பு: இவைதான் காரணம். வீட்டிலேயே உடலை அசைத்து விளையாடும் வீடியோ கேம் அவர்களுக்கு நல்ல வழி. ஆனால் கருவிக்குக் கருவி வேறுபாடு பெரிது.

என் முதல் தேர்வு நின்டெண்டோ நிறுவனத்தின் பழைய வீடியோ கேம் கருவியான வீ. காரணம், 2007இல் வீ ஃபிட் விளையாட்டோடு வந்த சமநிலைப் பலகை. அதிலுள்ள நான்கு உணரிகள், உடல் எடை எந்தக் காலில் சாய்கிறது என்பதை உடனுக்குடன் திரையில் காட்டுகின்றன. பாதம் மரத்துப்போனவருக்குக் கால் சொல்லாததைக் கண் சொல்லிவிடுகிறது. 2013இல் வெளியான இத்தாலிய ஆய்வில் 36 பேர் வீட்டிலேயே 12 வாரம் இதில் பயின்றபோது சமநிலை மேம்பட்டது. சிலருக்கு முழங்கால், முதுகு வலியும் வந்தது. அதே ஆண்டு 84 பேரிடம் நடந்த ஸ்வீடன் ஆய்வில், பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே தெளிவான வேறுபாடு தெரியவில்லை. எனவே பலகை மட்டும் போதும் என்று நான் சொல்லமாட்டேன். இங்கிலாந்தில் 30 பேருடன் நடந்த முன்னோட்ட ஆய்வில் பிசியோதெரபிஸ்ட்டின் துணையும் சேர்த்தே தரப்பட்டது. அதுதான் சரியான முறை. வீ தயாரிப்பு 2013இல் நின்றுவிட்டதால் பழையதைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

எக்ஸ்பாக்ஸ் என்ற கேம் கருவியின் கினெக்ட் கேமரா உடல் அசைவையே பார்த்துக்கொள்வதால், கையில் எதையும் பிடிக்க வேண்டாம். விரல் பிடிப்பு தளர்ந்தவருக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் நாற்காலியில் அமர்ந்தோ வாக்கரைப் பிடித்தோ ஆடுபவரின் உருவத்தை அது எளிதில் தவறவிடும். இதுவும் இப்போது தயாரிப்பில் இல்லை.

கடையில் புதிதாக வாங்க வேண்டுமென்றால், நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவியில் ஒரு வளையத்தைப் பிடித்து ஆடும் ரிங் ஃபிட் அட்வென்ச்சர் விளையாட்டு. 2019இல் வந்தது. பயிற்சியின் கடுமையை மாற்றலாம். ஓட்டத்துக்குப் பதில் முழங்காலை மெல்ல மடக்கினால் போதும் என்று வைத்துக்கொள்ளலாம். நன்றாக நிற்க முடிந்தவருக்கு வீயைவிட இதுவே மேல். ஆனால் வளையத்தை இரு கைகளாலும் அழுத்த வேண்டும் என்பதால், தள்ளாடும்போது பற்றிக்கொள்ளக் கை இருக்காது. கண்ணை முழுதாக மூடும் விஆர் (மெய்நிகர் காட்சி) ஹெட்செட்டைத் தள்ளாட்டம் உள்ள எவருக்கும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

எந்தக் கருவியானாலும் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு ஆடுங்கள். உடல் சூடேறினால் எம்.எஸ். அறிகுறிகள் தற்காலிகமாக மோசமாகும். பார்வை மங்கினால் உடனே நிறுத்தி, உடல் குளிரும்வரை உட்காருங்கள்.