யூ வேலிக் கன்றுகள்: நட்டு ஏழு வருடம் கழித்து ஒரு மதிப்பீடு

செடி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெட்டி வந்த வாரமே மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். இலை பச்சையாக இருந்தது, நன்றாகக் கட்டி அனுப்பியிருந்தார்கள், ஐந்து நட்சத்திரம். கீரை விதைக்கு அது போதும். வேலியாக வளர்க்கும் ஊசியிலை மரமான யூவுக்குப் போதாது. வேர் பிடித்ததா இல்லையா என்று தெரியவே இரண்டு கோடை ஆகும். வேலி என்று சொல்லும்படி நிற்க ஆறேழு வருடம் ஆகும். அதனால்தான் இதுவரை எழுதவில்லை. இப்போது எழுதலாம்.

வாங்கியது இதுதான். இணையம் வழியாக ஒரு நாற்றுப் பண்ணையில் 40 வெறும் வேர்க் கன்றுகள், அதாவது தொட்டியும் மண்ணும் இல்லாமல் வேரோடு மட்டும் வரும் கன்றுகள். ஒவ்வொன்றும் 40 முதல் 60 செ.மீ. உயரம். ஐரோப்பிய யூ, தாவரவியல் பெயர் டாக்சஸ் பக்காட்டா. அதே மாதம் வேறொரு கடையில் மூன்று தொட்டிச் செடிகளும் வாங்கினேன். வாசல் கதவின் இரண்டு பக்கமும் வைக்க, மார்பளவு உயரத்தில் இரண்டு. கம்பிச் சட்டத்தின் மேல் பறவை உருவமாக வளர்த்து வைத்திருந்த ஒன்று. அந்த மூன்றுக்குக் கொடுத்த பணம் நாற்பது கன்றுக்குக் கொடுத்ததைவிட அதிகம்.

கன்றுகள் நவம்பர் கடைசியில் வந்தன. மரம் உறங்கும் மாதங்களில், அதாவது நவம்பரிலிருந்து மார்ச் வரைக்கும்தான், வெறும் வேர்க் கன்றை அனுப்புவார்கள். பத்துப் பத்தாகக் கட்டி, வேர்ப் பக்கம் ஈரச் சாக்கு சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் பை. சாக்கைப் பிரித்ததும் மழை விட்ட காட்டு மண் வாசனை. வேர் செம்பழுப்பு நிறம். கையில் எடுத்தால் குளிர்ச்சியாக, வளையும்படி இருந்தது. பெரிய வேர்களுக்கு நடுவே முடி மாதிரி மெல்லிய வேர்கள் நிறைய. கன்று நல்லதா என்று பார்க்க வேண்டிய இடம் அந்த முடி வேர்தான், இலை இல்லை. நாற்பதில் மூன்று கன்றுக்கு அது குறைவாக இருந்தது. மூன்றுக்கும் அடையாளத்துக்கு நூல் கட்டி வைத்தேன். அதில் இரண்டு அடுத்த கோடையில் காய்ந்துபோயின.

பண்ணைக்குப் படம் எடுத்து அனுப்பினேன். எதிர்க்கேள்வி எதுவும் வரவில்லை. அடுத்த நவம்பரில் இரண்டுக்குப் பதில் நான்கு கன்று அனுப்பி வைத்தார்கள். இதற்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. வெறும் வேர்க் கன்று வாங்குவதாக இருந்தால், பெட்டி வரும் முன்பே குழி தயாராக இருக்க வேண்டும். வேர் ஒரு தடவை காய்ந்துவிட்டால் தண்ணீர் ஊற்றி மீட்க முடியாது. நான் ஒரு வாளித் தண்ணீரில் கன்றுக் கட்டைப் போட்டு வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து நட்டேன். 50 செ.மீ.க்கு ஒன்று என்ற கணக்கில் 20 மீட்டர் வேலி. தண்டில் மண் இருந்த கோடு தெரியும். அந்தக் கோடு வரைக்கும்தான் புதைக்க வேண்டும், ஒரு விரல்கூட ஆழமாகப் போகக் கூடாது. இரண்டு கோடை முழுக்க வாரம் ஒரு முறை நன்றாகத் தண்ணீர் விட்டு, அடியில் புல் வரவிடாமல் பார்த்துக்கொண்டேன். அவ்வளவுதான் பராமரிப்பு.

யூ நிழலைத் தாங்கும், சுண்ணாம்பு மண்ணைத் தாங்கும், வேர் பிடித்த பிறகு வறட்சியையும் தாங்கும். தேங்கி நிற்கும் தண்ணீரை மட்டும் தாங்காது. ஃபைடாப்தோரா என்ற வேரழுகல் ஈர மண்ணில் பிடித்துக்கொள்ளும். ஊசி இலை முதலில் வெண்கல நிறமாகி, அப்புறம் செம்பழுப்பாகும். அந்த நிறம் கண்ணுக்குத் தெரியும்போது வேர் எப்போதோ போயிருக்கும். என் வேலியின் கடைசி நான்கு மீட்டர் பள்ளமான இடம், மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். அங்கே மட்டும் மண்ணை ஒரு முழம் உயரத்துக்கு வரப்பு மாதிரி ஏற்றி, அதன் மேல் நட்டேன். அந்த எட்டுக் கன்றும் இன்றைக்கு மற்றவற்றோடு ஒரே உயரத்தில் நிற்கின்றன.

வாசலின் வலப்பக்கம் வைத்த தொட்டிச் செடி அதே பள்ளத்தின் ஓரத்தில் இருந்தது. பெரிய செடியாயிற்றே என்று நம்பி ஆழமாகக் குழி வெட்டினேன். மழைக்காலத்தில் அந்தக் குழி கிணறு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டது. இரண்டாம் வருடம் செடி முழுக்கச் சிவந்து செத்தது. குழி வெட்டியது என் தவறு, அதைக் கடைக்காரர் மேல் போட மாட்டேன். ஆனால் பிடுங்கிப் பார்த்தபோது வேர் அப்படியே தொட்டியின் வடிவத்தில், கயிறு சுற்றியது போல வட்டமாகச் சுற்றிக் கிடந்தது. இரண்டு வருடத்தில் ஒரு வேர்கூட வெளியே வரவில்லை. அந்தச் செடியைத் தொட்டியில் அளவுக்கு மீறி வைத்திருந்தார்கள். அது விற்றவர் பொறுப்பு. இடப்பக்கச் செடி பிழைத்தது, மூன்று வருடம் அசையாமல் நின்று பிறகு வளரத் தொடங்கியது. இப்போது அதற்கும் முழங்கால் உயரத்தில் வந்த கன்றுகளுக்கும் ஒரு சாண் வித்தியாசம்கூட இல்லை.

வளர்ச்சியைப் பற்றி விற்பவர்கள் சொல்வது பாதி உண்மை. யூ மெதுவாக வளரும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். முதல் வருடம் என் கன்றுகள் நான்கு விரல் வளர்ந்திருந்தால் அதிகம். மூன்றாவது வருடத்திலிருந்து ஆண்டுக்கு 20 முதல் 25 செ.மீ. வந்தது. இப்போது உயரம் 1.6 மீட்டர். வேர் பிடித்த யூ இந்த வேகத்தில்தான் வளரும், சிலவற்றில் 30 செ.மீ. வரைக்கும்கூடப் போகும். வேகமாக வளரும் மற்ற வேலி மரங்களை வருடம் இரண்டு மூன்று முறை வெட்டியாக வேண்டும். யூ வேலிக்கு வருடம் ஒரு முறை போதும்.

அந்த ஒரு முறையை நான் ஆகஸ்ட் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். மேகம் போட்ட நாளாகப் பார்த்துத் தொடங்குவேன். இரண்டு முனையிலும் கோல் நட்டு, நூல் கட்டி, நூலின் மறுமுனையை மகளிடம் கொடுப்பேன். கன்று நட்டபோது அவளுக்கு நான்கு வயது, இப்போது பதினொன்று. அடிப்பக்கம் அகலமாகவும் மேலே போகப் போகக் குறுகலாகவும் வெட்ட வேண்டும், சுவர் மாதிரி நேராக வெட்டக் கூடாது. மேல் பக்கம் அகன்றுவிட்டால் அடிக்கு வெளிச்சம் போகாது, கீழே இலை உதிர்ந்து குச்சிதான் தெரியும். பக்கவாட்டை இரண்டாம் வருடத்திலிருந்தே லேசாகத் தட்டிவிடலாம், அப்போதுதான் நெருக்கமாகக் கிளைக்கும். உச்சிக் குருத்தை மட்டும் வேண்டிய உயரம் வரும்வரை தொடவே கூடாது. நான் இன்னும் தொடவில்லை.

மின்சார டிரிம்மரை வேலிக்கு இரண்டு வருடம் பயன்படுத்திப் பார்த்தேன். கத்தி கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் இலையை வெட்டாமல் கிழிக்கிறது. ஒரு வாரத்தில் வேலி முழுக்க நுனி பழுப்பேறிவிடும். இப்போது நீளப் பிடி கொண்ட கைக்கத்தரிதான். வேலை தொடங்கும் முன்னும் நடுவில் ஒரு முறையும் சாணைக்கல்லில் தீட்டுகிறேன். நல்ல கத்தரியால் யூவை வெட்டும்போது துணியைக் கத்தரிப்பது போலச் சீரான ஓசை வரும். ஓசை மாறினால் தீட்ட நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

சரி, பறவைக்கு வருகிறேன். கம்பிச் சட்டத்தில் வந்த அந்த ரெடிமேட் உருவம் முதல் நாள் பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் வருடம் கழுத்துப் பகுதி வெளிறத் தொடங்கியது. இலையை விலக்கிப் பார்த்தேன். சட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த மெல்லிய கம்பி பட்டைக்குள் புதைந்து, அதன் மேல் மரம் உதடு மாதிரி வீங்கியிருந்தது. கட்டை அவ்வப்போது தளர்த்த வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட வைக்கவில்லை. கேட்டதற்கு, விற்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று பதில் வந்தது. இந்தப் பொருளை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இடுக்கியால் கம்பியை எடுத்தேன். முழுவதும் எடுக்க முடியவில்லை. வசந்தம் தொடங்கியதும் கழுத்துக்குக் கீழே வெறும் கட்டையாக வெட்டிவிட்டேன். பெரும்பாலான ஊசியிலை மரங்களை இலையில்லாத பழைய கட்டை வரைக்கும் வெட்டினால் அந்த இடம் மறுபடி துளிர்க்காது. யூ துளிர்க்கும். எட்டு வாரத்தில், பட்டை மேல் கடுகு கடுகாகப் பச்சைப் புள்ளிகள் வந்தன. நான் குனிந்து விரலால் தடவித்தான் முதலில் கண்டுபிடித்தேன். இந்த ஒரு குணத்துக்காகவே மற்ற வேலி மரங்களைவிட யூவை நான் மேலாக நினைக்கிறேன். தப்பாக வெட்டினாலும் பிழைக்க வழி விடுகிறது. இப்படித்தான், அகன்று கெட்டுப்போன பழைய யூ வேலியையும் ஒரு பக்கத்தை ஒரு வருடம் அடிமரம் வரைக்கும் ஒட்ட வெட்டி, அது தழைத்த பிறகு மறுபக்கத்தை வெட்டிப் புதுப்பிக்கலாம். இங்கிலாந்தின் கம்ப்ரியாவில் உள்ள லெவன்ஸ் ஹால் தோட்டத்தை 1694-இல் கீயோம் போமோன் என்பவர் அமைக்கத் தொடங்கினார். அங்கே உருவம் வெட்டிய யூ மரங்கள் இன்றும் நிற்கின்றன. முந்நூறு வருடத்தில் எத்தனை கை மாறியிருக்கும், எத்தனை வெட்டு பிசகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பண்ணை அனுப்பிய நான்கு கன்றில் இரண்டு வேலிக்குப் போக, மீதி இரண்டில் ஒன்றை அடைக்கோழியாக வளர்க்கிறேன். சட்டம் இல்லை. ஒரு மூங்கில் கோல், இரண்டு கிளையை வாலாகவும் ஒன்றைக் கழுத்தாகவும் வளைத்துக் கட்ட மிருதுவான நூல், அவ்வளவுதான். ஒவ்வொரு வசந்தத்திலும் பழைய நூலை அறுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறேன். வெட்டும்போது பக்கத்தில் நிற்பவருக்கு உருவம் தெரியாது, தூரத்தில் ஒரு ஆள் வேண்டும். போன வருடம் மகள் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, கழுத்து தடிச்சுப் போச்சு, அந்தப் பக்கம் ரெண்டு வெட்டு" என்று சொல்லச் சொல்லத்தான் வெட்டினேன். முதுகின் வளைவு இப்போது சரியாக வந்திருக்கிறது. அலகுக்கு இன்னும் இரண்டு வருடமாவது வேண்டும்.

வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் விஷம். இலை, பட்டை, விதை எல்லாமே விஷம். விதையைச் சுற்றியுள்ள சிவப்புச் சதை மட்டும்தான் விலக்கு, ஆனால் அதற்குள்ளேயே அந்த விதை இருக்கிறது. டாக்சீன் (taxine) எனப்படும் பொருட்கள் நேராக இதயத்தைத் தாக்கும். குதிரையும் மாடும் கொஞ்சம் மேய்ந்தாலே செத்துவிடும். வெட்டிப் போட்ட கிளை காய்ந்த பிறகும் விஷம் போகாது. அதனால் வேலிக்கு அடியில் பழைய படுதா விரித்துத்தான் வெட்டுகிறேன். கடைசி ஊசி வரைக்கும் சுருட்டி எடுத்துவிடுவேன். பண்ணையின் இணையப் பக்கத்தில் இந்த எச்சரிக்கை எல்லாவற்றுக்கும் கீழே, சின்ன எழுத்தில் இருந்தது. முதல் வரியிலேயே போட்டிருக்க வேண்டும். தொட்டிச் செடி விற்ற கடையில் எங்கேயுமே இல்லை. குழந்தைகள் நடமாடும் வீட்டுக்குப் பழம் காய்க்கும் செடியை ஒரு வார்த்தை சொல்லாமல் விற்பது பெரிய தப்பு. என் மகளுக்கு நட்ட அன்றே அந்தச் சிவப்புப் பழத்தைப் படத்தில் காட்டிச் சொல்லி வைத்தேன். (இதே மரத்தின் இலையிலிருந்து எடுக்கும் பொருளை வைத்துத்தான் டோசிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தைத் தயாரித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.)

இன்னொரு சின்னக் குறை. இவை விதையிலிருந்து வளர்த்த கன்றுகள், அதனால் பச்சை ஒரே மாதிரி இல்லை. வசந்தத் துளிர் வரும்போது நடுவில் ஐந்தாறு செடி சற்று மஞ்சளாகத் தெரியும். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஒரே நிறம்தான் வேண்டும் என்பவர்கள், ஒரே தாய்ச்செடியிலிருந்து பதியம் எடுத்த கன்று கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

இரண்டு வருடத்தில் மறைப்பு வேண்டும் என்றால் இந்தக் கன்று வேண்டாம். வேலிக்கு அந்தப் பக்கம் குதிரையோ மாடோ மேய்கிறது என்றால் கண்டிப்பாக வேண்டாம். மற்றவர்களுக்கு: 40 முதல் 60 செ.மீ. வெறும் வேர்க் கன்றுக்கு ஐந்துக்கு ஐந்து. பெரிய தொட்டிச் செடிக்கு இரண்டு, அதுவும் வேரைப் பார்த்த பிறகு. ரெடிமேட் பறவைக்கு மதிப்பெண் இல்லை. அந்தக் கட்டையில் இப்போது ஒரு முழம் தளிர் இருக்கிறது. அது என்ன உருவமாகும் என்று மகள் இன்னும் முடிவு செய்யவில்லை.

வாசலின் வலப்பக்கம் ஐந்து வருடமாகக் காலியாக இருக்கிறது. போன மாதம் அங்கே மண் அடித்து மேடு கட்டிவிட்டேன். நவம்பருக்கு அதே பண்ணையில் ஒரு கன்று சொல்லி வைத்திருக்கிறேன், அதே முழங்கால் உயரத்தில்.