ஒரு பெரிய கடை, நிறைய சிறு கடைகள், சொந்தத் தொழிற்சாலை: மூன்று மலிவு விலை பர்னிச்சர் கடைகள் வளர்ந்த விதம்

மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு மீட்டர் நீளம், அகலமும் உயரமும் 90 செ.மீ. மடக்க முடியாது. 40 அடி கன்டெய்னரில் சுமார் 40 சோபா ஏற்றினால் இடம் தீர்ந்துவிடும். கன்டெய்னர் நிறைந்தாலும் எடை ஒன்றும் பெரிதாக இருக்காது, ஏற்றியதில் பெரும்பகுதி காற்று. அந்தக் காற்றுக்கும் சேர்த்துத்தான் லாரி வாடகை.

பர்னிச்சர் கடைகள் ஏன் ஒரு வட்டாரத்தைத் தாண்டத் திணறுகின்றன என்பதற்கு இதுதான் முதல் காரணம். குடோனிலிருந்து லாரி ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம்தான் கடையின் எல்லை. அதைத் தாண்டினால் இன்னொரு குடோன் போட வேண்டும். அங்கே போதுமான விற்பனை வரும்வரை அந்தக் குடோன் லாபத்தைத் தின்றுகொண்டே இருக்கும். அதிலும் மலிவு விலைக் கடை என்றால் தின்னக் கொடுக்க லாபமே அதிகம் கிடையாது.

இந்தச் சிக்கலை மூன்று கடைகள் மூன்று விதமாகச் சமாளித்தன. அமெரிக்காவின் நெப்ராஸ்கா பர்னிச்சர் மார்ட், அதே நாட்டின் வடகிழக்கில் தொடங்கிய பாப்ஸ் டிஸ்கவுண்ட் பர்னிச்சர், ஜப்பானின் நிடோரி. மூன்றும் 'எங்களிடம்தான் விலை குறைவு' என்றே சொல்கின்றன. அந்தக் குறைவு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் நெப்ராஸ்கா. ரோஸ் பிளம்கின் இன்றைய பெலாரஸில் பிறந்து, 1917-இல் அமெரிக்கா வந்தவர். ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரியாது. 1937-இல் 500 டாலர் முதலீட்டில் ஒமாஹா நகரில் கடை போட்டார். குறைந்த லாபத்தில் விற்பது, உண்மையைச் சொல்வது, இவ்வளவுதான் அவர் கொள்கை. இவர் விற்கும் விலையைப் பார்த்து மற்ற கடைக்காரர்கள் கொதித்தார்கள். கம்பளம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று நீதிமன்றம் வரை போனது. வழக்கைத் தள்ளுபடி செய்த நீதிபதியே அப்புறம் இவரிடம் வந்து கம்பளம் வாங்கிப் போனார் என்பார்கள். தொண்ணூறு வயதுக்கு மேலும் மின்சார வண்டியில் உட்கார்ந்து கம்பளச் சுருள்களுக்கு நடுவே கடை முழுக்கச் சுற்றி வருவார்.

1983-இல் பிரபல முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் நிறுவனமான பெர்க்‌ஷயர் ஹாத்தவே இந்தக் கடையின் பெரும்பங்கை வாங்கியபோது, ஒரே கடையில் ஆண்டு விற்பனை 10 கோடி டாலர். மறு ஆண்டு பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில் பஃபெட் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார். அந்தத் துறையிலேயே பெரிய நிறுவனங்களில் ஒன்றான லெவிட்ஸ் 100 டாலருக்கு விற்கும் பொருளின் கொள்முதல் விலை 55.60 டாலர். கொள்முதல் விலைக்கும் விற்பனை விலைக்கும் நடுவே மார்ட் வைத்துக்கொள்ளும் வித்தியாசமோ லெவிட்ஸினுடையதில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே. அப்படியும் எப்படிக் கட்டுப்படியாகிறது? சம்பளம், இடம், விளம்பரம் எல்லாம் சேர்த்து லெவிட்ஸுக்கு விற்பனையில் 35.6 சதவீதம் செலவானது. மார்ட்டுக்கு 16.5 சதவீதம்.

இந்த ஒரு வரியைப் பார்த்தால் போதும், மற்ற விளம்பரம் எதையும் பார்க்கத் தேவையில்லை என்பேன். லெவிட்ஸும் மலிவுக் கடைதான். குடோனையும் ஷோரூமையும் ஒரே கூரைக்குள் வைக்கும் முறையை 1960-களில் பிரபலமாக்கியதே அவர்கள்தான். நாடு முழுக்கப் பரவினார்கள். பரவியதற்கு ஆன செலவு பொருளின் விலையில் ஏறி உட்கார்ந்தது. 1997-இல் முதல்முறை திவால் பாதுகாப்பு கேட்டார்கள், 2005-இல் மறுபடி, 2007-இல் மூன்றாவது முறை. 2008-இல் கடையை மூடினார்கள்.

மார்ட் அந்தத் தப்பைச் செய்யவில்லை. கன்சாஸ் நகரில் புதிதாகக் கடை கட்டியது 2003-இல்தான், டெக்சாஸில் 2015-இல். அதற்கெல்லாம் முன்பு, 2000-இல், அயோவாவில் இருந்த ஒரு கடையை வாங்கிச் சேர்த்துக்கொண்டார்கள். டெக்சாஸ் கடையின் ஷோரூம் 5.6 லட்சம் சதுர அடி. அதை ஒட்டிய குடோன் 13 லட்சம் சதுர அடி. வாடிக்கையாளர் நடந்து பார்க்கும் இடத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் சரக்கு தூங்கும் இடம். சிறு குடோன்களைத் திசைக்கு ஒன்றாகப் போடுவதற்குப் பதில், வாடிக்கையாளரையே தூரத்திலிருந்து வரவழைக்கிறார்கள். பெட்ரோல் செலவு அவருடையது.

இந்த வழியில் வளர்ச்சி ஆமை வேகம்தான். இன்னொரு சிக்கலும் உண்டு, எல்லாம் ஒரு குடும்பத்தின் உழைப்பில் நின்றது. 1989-இல் பேரன்களோடு மனஸ்தாபம் வந்து வெளியேறிய ரோஸ் பிளம்கின், தொண்ணூறு வயதைத் தாண்டிய நிலையில், பழைய கடைக்கு எதிரிலேயே புதுக் கடை திறந்தார். அது நன்றாகவே ஓடியது. கடைசியில் 1992-இல் அந்தக் கடையையும் மார்ட்டே வாங்க வேண்டியதாயிற்று. இந்த முறை போட்டிக் கடை வைக்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். முதல் தடவை அதை வாங்க மறந்துபோயிருந்தார் பஃபெட்!

பாப்ஸ் இதற்கு நேர் எதிர். 1991-இல் கனெக்டிகட்டின் நியூவிங்டனில் தொடங்கியது. பிரம்மாண்டமான கட்டடம் கிடையாது, அளவான கடைதான். அதையே ஊர் ஊராகத் திரும்பப் போடுவார்கள். எல்லாக் கடையிலும் அதே தேர்ந்தெடுத்த செட்டுகள், வகை குறைவு. வகை குறைந்தால் ஒரே மாடலை மொத்தமாக ஆர்டர் போடலாம், பேரம் படியும், குடோனில் விற்காமல் தங்கும் சரக்கும் குறையும். மார்ட்டுக்குப் போனால் நாள் முழுக்கச் சுற்றலாம். பாப்ஸில் சீக்கிரம் ஒரு முடிவுக்கு வந்துவிடுவீர்கள். காத்திருக்கும் நேரத்துக்கு இலவசக் காபி, ஐஸ்கிரீம், குக்கீ. நிறுவனர் பாப் காஃப்மன் தானே டிவி விளம்பரத்தில் தோன்றினார். முகம் பழகியதும் அக்கம்பக்க ஊர்களில் கடை திறக்கப் புதிதாக அறிமுகம் தேவைப்படவில்லை. ஒரே டிவி விளம்பரம் ஐந்து கடைக்கும் பத்துக் கடைக்கும் பொது.

வேகத்துக்குப் பணம் வெளியிலிருந்து வந்தது. 2014-இல் பெயின் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது. அதன்பின் சிகாகோ வட்டாரம், கலிபோர்னியா என்று பரவியது. கடைகள் 150-ஐத் தாண்டின. வேகத்தில் பாப்ஸை மார்ட்டால் கனவிலும் பிடிக்க முடியாது. ஆனால் நூறு கடை வாடகையும் நூறு மேலாளர் சம்பளமும் விற்பனை மந்தமான ஆண்டிலும் நிற்காது. வீடு விற்பனை சரிந்தால் முதலில் அடிபடுவது சோபா, கட்டில் வியாபாரம்தான். பழைய சோபாவை இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம் என்று எல்லா வீட்டிலும் தோன்றும்.

நிடோரி 1967-இல் ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில், சப்போரோ நகரில் தொடங்கிய சின்னக் கடை. அகியோ நிடோரி 1972-இல் அமெரிக்கக் கடைகளைப் பார்க்கப் போனார். அங்கே விலை ஜப்பானில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு. திரும்பி வந்து 30 ஆண்டில் 100 கடை என்று இலக்கு வைத்தார், 2003-இல் எட்டினார். ஒரு வருடம் தாமதம், அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நடுவே 1997-இல் அவர் நம்பியிருந்த ஹொக்கைடோ டகுஷோக்கு வங்கியே கவிழ்ந்தது. கடை தப்பியது.

இவர் விலையைக் குறைத்த இடம் கடை அல்ல, தொழிற்சாலை. 1994-இல் இந்தோனேசியாவில் தொழிற்சாலை, பிறகு வியட்நாமில். வடிவமைப்பு, தயாரிப்பு, கப்பல், குடோன், கடை எல்லாம் ஒரே கை. தயாரிப்பவரே லாரிக்காரராகவும் இருந்தால், பொருளை வடிவமைக்கும்போதே பெட்டியின் அளவையும் யோசிக்கலாம். மேசைக் காலைக் கழற்றித் தட்டையாக அடுக்கினால் கன்டெய்னரில் காற்றுக்குப் பதில் மேசை ஏறும். மொத்தமாக வாங்கி விற்பவர் இந்தச் சலுகையைக் கெஞ்சித்தான் பெற வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வருடா வருடம் விற்பனையும் லாபமும் ஏறியதற்கு இதைத்தான் முக்கியக் காரணமாகப் பார்க்கிறேன்.

பலவீனமும் அங்கேயேதான். வெளிநாட்டில் செய்து யென்னில் விற்பவருக்கு யென் சரிந்தால் தலைக்கு மேல் வெள்ளம். 2022-க்குப் பின் அதுதான் நடந்தது.

மூன்றில் எனக்கு மதிப்பு அதிகம் நிடோரி மேல்தான், ஆனால் ஒரு சங்கதி உறுத்துகிறது. 2013-இல் கலிபோர்னியாவில் அகி-ஹோம் என்ற பெயரில் கடை திறந்தார்கள். தொழிற்சாலை அதே, வடிவமைப்பு அதே, தட்டைப் பெட்டிகளும் அதே. ஆனால் கடைகள் மிகச் சில. ஒரு குடோனையும் லாரிகளையும் தாங்க அவ்வளவு கடை போதாது என்பது என் கணிப்பு. 2023-இல் மூடிவிட்டார்கள். ஒமாஹாவில் அந்த அம்மா போட்ட கடை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.