லண்டன்–பாங்காக்: வளைகுடா வழி மலிவு டிக்கெட்

நேர் விமானத்தை விட்டுவிட்டு வளைகுடாவில் மாறும் டிக்கெட் எடுத்தேன். மிச்சமான காசு ஹோட்டலுக்கு ஆனது. சாப்பாடு சுமார். கால் நீட்ட இடமில்லை, என் உயரத்துக்கு அது தண்டனைதான். ஆனால் இரண்டு விமானத்துக்கும் ஒரே பிஎன்ஆர் (முன்பதிவு எண்) என்பதால் பெட்டி நேராக பாங்காக் வந்து சேர்ந்தது. தனித்தனி டிக்கெட்டாகச் சேர்த்தால் இன்னும் குறையலாம். ஆனால் அப்போது முதல் விமானம் தாமதமானால் அடுத்தது போச்சு, பொறுப்பேற்க ஆளில்லை.

பாங்காக்கில் விமான நிலையம் இரண்டு. நம் விமானம் இறங்குவது சுவர்ணபூமியில். உள்ளூர் பட்ஜெட் விமானங்கள் பல டோன் முவாங்கிலிருந்து கிளம்பும். இரண்டுக்கும் நடுவே சாலை நெரிசல் இருக்கிறது, நேரம் தாராளமாக விடுங்கள். ஊருக்குள் போக டாக்ஸி எதற்கு? சுவர்ணபூமியிலிருந்து ரயிலில் நகருக்குள் இருக்கும் பயா தாய் நிலையம் வரை 45 பாட்தான். தாய்லாந்துக்குள் நுழைய ஆன்லைனில் நிரப்பும் டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்புங்கள். அது இலவசம்; காசு கேட்கும் தளத்தை உடனே மூடிவிடுங்கள்.