மலையக மழைக்கு எந்த டிஷ் வயர்?

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கக் கடைகளில் டிஷ் வயர் கேட்டால், பெரும்பாலும் வெள்ளை உறை போட்ட ஆர்ஜி-6 என்ற வகை வயரை மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். அதன் நடுக்கம்பியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது செம்பு பூசிய இரும்பு. அதற்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. எல்.என்.பி.யிலிருந்து (டிஷ்ஷின் முன்னால் நீட்டிய கையில் சிக்னலைப் பிடிக்கும் கருவி) இறங்கும் சிக்னல் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை. அந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பில்தான் ஓடும், அங்கே செம்பு இருக்கிறது. 25 மீட்டர் வயரில் மேல் அதிர்வெண்கள் சுமார் 8 டெசிபெல் இழக்கும். ஒரு எல்.என்.பி., ஒரு பொக்ஸ் என்றால் அது பொருட்டே இல்லை. டிஷ்ஷைத் திருப்பும் மோட்டார் வைத்தாலோ வயர் மிக நீளமாகப் போனாலோதான் முழுச் செம்புக்குக் காசு கொடுக்கலாம்.

கூடுதல் காசை உறைக்குக் கொடுங்கள். வெள்ளை பிவிசி உறை வீட்டுக்குள் நன்றாக உழைக்கும். தகரத்தின் மேல் வெயிலிலும் மழையிலும் கிடந்தால் வெடிக்கும். வெளியே ஓடும் பகுதிக்குக் கறுப்புப் பொலித்தீன் உறை போட்ட ஆர்ஜி-6 வாங்குவதே சரி. விலை குறைவு என்று மெலிந்த ஆர்ஜி-59 ஐ நீட்டினால் வேண்டாம். இழப்பும் கூட, ஆர்ஜி-6 கனெக்டரும் அதில் இறுக்கமாக நிற்காது.

மழை கொட்டும்போது படம் உறைந்து, விட்டதும் திரும்பி வந்தால் வயரைச் சந்தேகிக்காதீர்கள். டிஷ் சிக்னல் வரும் கேயு பாண்ட் என்ற அலைவரிசையின் குணம் அது. வானம் வெளுத்த பிறகும் சில சேனல்கள் மட்டும் வராவிட்டால் வயருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். சிக்னல் அலைகள் கிடையாக வரும் கிடைத்தள சேனல்களுக்கு பொக்ஸ் 18 வோல்ட்டும், செங்குத்தாக வரும் நிலைக்குத்துச் சேனல்களுக்கு 13 வோல்ட்டும் அனுப்பும். அந்த 18 வோல்ட், துருப்பிடித்த பின்னலைத் (வெளியுறைக்குள் இருக்கும் கம்பி வலை) தாண்டி 14, 15 ஆகக் குறைந்தால் எல்.என்.பி. அதை 13 வோல்ட் என்று எடுத்துக்கொள்ளும். கிடைத்தள சேனல்கள் மொத்தமாகப் போய்விடும், நிலைக்குத்துச் சேனல்கள் ஓடிக்கொண்டிருக்கும். இதைப் பார்த்து டிஷ்ஷைத் திருப்ப ஆரம்பித்தால் இருந்ததும் போகும். முனையை வெட்டிப் பாருங்கள். பின்னல் கறுத்திருந்தால் பளபளப்பான இடம் வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். அதனால்தான் இரு முனையிலும் அரை மீட்டர் மிச்சம் விட்டு வயர் வாங்கச் சொல்வது.

கனெக்டரில் திருகி ஏற்றும் வகை மலிவு, ஆனால் வெளியே போட லாயக்கில்லை. அமுக்கிப் பொருத்தும் வகையை வாங்குங்கள். வெளியுறையை 12 மில்லிமீட்டரும் நடுக்கம்பியைச் சுற்றியுள்ள நுரையை 6 மில்லிமீட்டரும் சீவி, பின்னலைப் பின்னால் மடித்து ஏற்ற வேண்டும். நடுக்கம்பி விளிம்பைத் தாண்டி 2, 3 மில்லிமீட்டர் நின்றால் போதும். ஒரு பின்னல் இழை நடுக்கம்பியில் பட்டாலே ஷோர்ட்.

எல்.என்.பி. முனையில் சாதாரண டேப் ஒரு மழைக்காலமும் தாங்காது. தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப் சுற்றுங்கள். வினாகிரி மணக்கும் சிலிக்கன் உலோகத்தை அரிக்கும், அதைப் பூசவே கூடாது. சுவருக்குள் நுழையும் இடத்தில் வயரைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். கிளிப் ஆணியை வயர் நசுங்க அடிக்காதீர்கள்.

பக்கத்து அறைக்கும் ஒரு பொக்ஸ் வேண்டுமென்றால், அன்டெனாவுக்கு விற்கும் ஸ்பிளிட்டர் வேலைக்கு ஆகாது. இரட்டை எல்.என்.பி. போட்டு, இரண்டு வயர் தனித்தனியாக இழுக்க வேண்டும்.