கும்பகோணத்தில் முகூர்த்தப் புடவை: இரண்டு கடைகள், இரண்டு விதமான ஊழியர்கள்

தங்கையின் திருமணத்துக்குத் திருபுவனம் பட்டு எடுக்கக் கும்பகோணத்தில் இரண்டு கடைகளில் ஏறி இறங்கினோம். சரக்கின் தரத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை; விற்பனைக்கு நின்றவர்களிடம்தான் வேறுபாடு இருந்தது.

முதல் கடையில் எங்களைக் கவனித்த பெண் தீபாவளி வரைக்கும் மட்டும் வேலைக்கு எடுக்கப்பட்டவர். அன்றைய டார்கெட் முடியாவிட்டால் மறுநாள் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என அம்மாவிடம் தணிந்த குரலில் கூறினார். பதினைந்தாயிரத்துக்குள் கேட்டபோதும், சூப்பர்வைசர் நிற்கும் பக்கமே பார்த்தபடி முப்பதாயிரம் ரூபாய்ப் புடவையை விரித்தார். ஜரிகையைப் பற்றிய கேள்விக்கு முன்னுக்குப் பின் முரணான விடையே வந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாளைக்கு வேலை இருக்குமா என்ற பயத்தோடு காலையிலிருந்து கால் கடுக்க நிற்பவருக்கு நாம் சொல்வது எப்படிக் காதில் ஏறும்?

மகாமகக் குளத்துக்கு அருகே இருக்கும் இரண்டாவது கடையையே பரிந்துரைக்கிறேன். அங்கே புடவை காட்டிய பெரியவர் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணியில் இருக்கிறார், பி.எஃப். பிடித்தமும் உண்டு என்றார். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. இங்கே கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல்கள் இருக்கின்றன, ஆள் வராத நேரத்தில் ஊழியர்கள் உட்காரவும் செய்கிறார்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திருபுவனம் பட்டுக்கே உரிய விசிறி மடிப்பை நிதானமாகப் பிரித்த அவர், நாங்கள் முடிவு செய்துவிட்ட புடவையில் முந்தானைக்கு அருகே ஓர் இழை விட்டிருப்பதைத் தாமே சுட்டிக்காட்டி, அதைவிட விலை குறைந்த வேறொன்றை எடுத்து வைத்தார். ஒரு விற்பனை கைநழுவினால் வேலையே போய்விடும் என்று அஞ்சுபவரால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

நெருக்கடி அங்கும் உண்டு. முகூர்த்த வாரம் என்பதால் மூன்று குடும்பங்களுக்கு ஒரே நேரத்தில் அவர் புடவை காட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அந்தப் பரபரப்பு அவர் கையைத் தடுமாற வைக்கவில்லை, பிரித்த புடவைகளை மடிப்புக் கலையாமல் மறுபடி அடுக்கினார்.

குறைகளும் இருக்கின்றன. பில் போடுவதற்கு ஒருவர்தான் இருப்பதால் நாற்பது நிமிடம் காத்திருந்தோம். அவருக்கு மாற்று ஆள் வைப்பது கடையின் பொறுப்பு. கார் நிறுத்த இடமில்லை. ஆனால் ஓரம் அடித்துத் தர வியாழக்கிழமை கெடு சொன்னவர்கள் புதன்கிழமையே புடவையைக் கொடுத்துவிட்டார்கள்.