மூன்று வருடத்து டார்ச்சும் வெள்ளச்சியின் பயமும்

போன வாரம் ஆத்தூர்த் தம்பி போன் செய்தான். பட்டாளத்தில் எங்கள் கம்பெனியிலேயே எனக்குப் பின்னால் சேர்ந்தவன். இப்போது அவனும் ஓய்வு பெற்று, கல்வராயன் மலை அடிவாரத்தில் ரெண்டு ஏக்கர் மரவள்ளி போட்டிருக்கிறான். "அண்ணே, ராத்திரியானா காட்டுப்பன்றி வந்து கிழங்கைத் தோண்டிப் போட்டுடுது. உங்ககிட்ட இருக்குதே அந்த டார்ச், அதையே நானும் வாங்கிடட்டுமா? விலை வேற குறைஞ்சிருக்குது" என்றான். 2022இல் நான் வாங்கியபோது 1,850 ரூபாய். இப்போது 1,300 ரூபாய்க்குத் தருகிறார்களாம். "ரெண்டு நாள் பொறு, சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். போனில் சொல்லி முடிகிற விஷயமாக எனக்குப் படவில்லை.

டார்ச் எல்லாரும் பார்த்திருக்கிற அமைப்புதான். அலுமினிய உடம்பு, பின்பக்கம் ரப்பர் பொத்தான், உள்ளே 18650 என்கிற, சார்ஜ் ஏற்றும் லித்தியம் செல் ஒன்று. கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே அமைப்பில் எத்தனையோ பெயர்களில் கிடைக்கிறது. நான் பார்த்த அளவில், நான் சொல்லப் போகும் குறை அவற்றில் முக்கால்வாசிக்கு உண்டு.

எனக்கு ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒன்றரை ஏக்கர். காப்பியும், நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகும். மதராஸ் ரெஜிமென்ட்டில் 24 வருடம் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தேன். வெலிங்டனில் பயிற்சி எடுத்த காலத்திலேயே மலைக்குளிர் உடம்புக்குப் பழகிவிட்டது. சேலத்து வெயிலில் வீடு பிடித்து உட்கார மனம் வரவில்லை. வீட்டில் நானும் வீட்டுக்காரியும், அப்புறம் மூன்று நாய்கள். சிப்பாய் பத்து வயதுக் கிழவன், நாட்டு நாய். கருவாயன் அவனுடைய மகன். வெள்ளச்சி சிப்பிப்பாறை, மூன்று வயது, காற்று மாதிரி ஓடுவாள்.

படுக்கப் போகும் முன் ஒன்பது மணிக்கு ஒரு சுற்று, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு சுற்று, விடியற்காலை நாலரைக்கு ஒரு சுற்று. காவல் மாற்றி மாற்றி நின்ற உடம்பு, ரெண்டு மணியானால் கண் தானாகத் திறந்துகொள்ளும். மூன்று வருடத்தில் மூவாயிரம் தடவைக்கு மேல் இந்த டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்குள் போயிருக்கிறேன். அதனால் இதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உழைப்பு அபாரம். ஐப்பசி மழையில் நனைந்திருக்கிறது. மிளகு ஏணியிலிருந்து ரெண்டு தடவை பாறையில் விழுந்திருக்கிறது. ஒருமுறை கருவாயன் கவ்விக்கொண்டு போய்ப் புதைத்து, மறுநாள் சாயங்காலம் தோண்டி எடுத்தேன். மண்ணைத் துடைத்துவிட்டு அழுத்தினால் எரிந்தது. சார்ஜ் போடும் ஓட்டையின் ரப்பர் மூடி மட்டும் ஒரு வருடத்தில் கிழிந்தது. இங்கே மூடுபனி இறங்கினால் வீட்டுக்குள் இருக்கும் தீப்பெட்டியே நமுத்துப்போகும். அந்த ஓட்டை வழியாக ஈரம் போகாமலிருக்க சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு வெட்டி மாட்டினேன். அதற்கப்புறம் தொந்தரவில்லை.

மூடுபனியில் எந்த டார்ச்சையும் கண்ணுக்குப் பக்கத்தில் உயர்த்திப் பிடிக்கக் கூடாது. வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி நம் முகத்திலேயே அடிக்கும், எதிரில் வெள்ளைச் சுவர்தான் தெரியும். இடுப்புக்குக் கீழே இறக்கி, உடம்பை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் பாதை தெரியும். இந்த டார்ச் கைக்கு அடக்கமாக இருப்பதால் அப்படிப் பிடித்துக்கொண்டு நடப்பது சுலபம்.

செல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கூடவே கொடுத்த செல் ரெண்டு வருடத்தில் சோர்ந்துபோனது. வேறு வாங்கப் போனபோது 9,900 மில்லி ஆம்பியர் என்று அச்சடித்த செல்லைக் கடைக்காரர் நீட்டினார். இந்த அளவுச் செல்லில் நல்ல சரக்கே 3,500 பக்கம்தான் வரும். அதற்கு மேல் எவ்வளவு போட்டிருந்தாலும் அது லேபிளில் மட்டும் இருக்கும் எண். 3,000 என்று போட்ட ஒன்றைக் கேட்டு வாங்கினேன், இன்றுவரை நன்றாக ஓடுகிறது.

நான் எதிர்பார்க்காமல் கிடைத்த சந்தோஷம் ஒன்று உண்டு. அது இந்த டார்ச்சின் குறைந்த வெளிச்சம். சாயங்காலம் நாய்களுக்குக் களி போட்ட பிறகு திண்ணையில் உட்கார்ந்து உண்ணி பார்ப்பேன். மேலே தொங்கும் பல்பு வெளிச்சத்தில் கருவாயனின் கறுப்பு முடிக்குள் ஒன்றும் தெரியாது. டார்ச்சைக் குறைந்த வெளிச்சத்தில் வைத்து, தோலோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடிக்க வேண்டும். முடியை எதிர்ப்பக்கம் ஒதுக்கினால், ஒவ்வொரு முடிக்கும் ஒரு நிழல் விழும். அந்த நிழல்களுக்கு நடுவே உண்ணி மட்டும் உருண்டையாக, கேழ்வரகு அளவில், தனியாக எழும்பித் தெரியும். காது மடிப்பு, விரலிடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில், இந்த மூன்று இடத்திலும் கட்டாயம் பார்க்க வேண்டும். தோலோடு ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுவேன். நசுக்கவும் கூடாது, சூடு வைக்கவும் கூடாது. சிப்பாய்க்கு ஒருதடவை உண்ணிக் காய்ச்சல் வந்து ஒன்பது நாள் படுத்துக் கிடந்தான். அதற்கப்புறம் ஒருநாள் கூட நான் தவறவிட்டதில்லை.

இனி பொத்தானுக்கு வருகிறேன். ஒரே பொத்தானில் ஐந்து வேலை வைத்திருக்கிறார்கள். முதல் அழுத்தல் முழு வெளிச்சம். அரை அழுத்தல் கொடுத்தால் நடுத்தரம், இன்னொன்று கொடுத்தால் குறைவு. அதற்கும் மேல் ஒன்று பட்டுவிட்டால் படபடவென்று கண்ணைக் குத்தும் சிமிட்டல். அதையும் தாண்டினால் எஸ்.ஓ.எஸ்., அதாவது ஆபத்தில் உதவி கேட்கும் சைகைச் சிமிட்டல். அணைத்து உடனே போட்டாலும் அடுத்த படிக்கு நகர்ந்துவிடும். குறைந்த வெளிச்சத்துக்கும் சிமிட்டலுக்கும் நடுவில் இருப்பது ஒரு விரல் நடுக்கம்தான். மார்கழிக் குளிரில் விரல் மரத்திருக்கும்போது அந்த நடுக்கம் வராமல் இருக்குமா?

வெளிச்சத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று பட்டாளத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும். அதைக் கெடுக்க ஒரு நொடி வெளிச்சம் போதும். வரைபடம் பார்க்க வேண்டியிருந்தால் போர்வைக்குள் புகுந்து, சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்போம். மூடிய கண் இருட்டை மறக்காமல் இருக்கும். காஷ்மீரில் எங்கள் போஸ்ட்டுக்கு மீரட்டில் பயிற்சி பெற்ற மோப்ப நாய் ஒன்று வந்திருந்தது. அதைப் பிடித்து வந்த ஜவான் தன் நாய் இருக்கும் திசையில் ஒருநாளும் டார்ச் அடித்ததில்லை, எங்களையும் அடிக்க விட்டதில்லை. நாயின் கண்ணுக்குள்ளே பின்பக்கம் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. இருட்டில் அதன் கண் மின்னுவது அதனால்தான். நமக்கு மங்கலாகத் தெரிவதே அதற்குப் போதிய வெளிச்சம். சிமிட்டும் வெளிச்சத்தின் துடிப்பும் நம்மைவிட நாய்க்குக் கூடுதலாகத் தெரியும். இதெல்லாம் தெரிந்திருந்தும் நான் இந்தப் பொத்தானோடு ரெண்டு வருடத்துக்கு மேல் ஒத்துப்போனேன். அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது.

போன கார்த்திகையில் ஒருநாள், ராத்திரி ரெண்டு மணிச் சுற்று. லேசான பனி. காப்பி பழுத்து நின்றது. வெள்ளச்சி கயிற்றில், சிப்பாய் முன்னால். கீழ்ப்படிக்கட்டுப் பக்கம் போனதும் சிப்பாய் நின்றான். குரைக்கவில்லை, முதுகு முடி மட்டும் எழுந்தது. முழு வெளிச்சம் போட்டேன். இருபத்தைந்து அடி தூரத்தில், என் நெஞ்சு உயரத்துக்கு மேலே ரெண்டு கண். அப்புறம்தான் உடம்பு தெரிந்தது. முட்டி வரை வெள்ளைக் காலுறை போட்டது போல நாலு கால். காட்டெருமைக் காளை, ஒற்றை.

இந்த மலையில் எல்லாருக்கும் தெரிந்த முறை ஒன்று உண்டு. கண்ணில் அடிக்காதே, வெளிச்சத்தைத் தரைக்கு இறக்கு, குறை, பின்னால் அடி வைத்துப் போ. அது தானாக விலகிவிடும். நானும் இறக்கினேன். குறைக்க அழுத்தினேன். ஈர விரல் ஒருதடவை கூடுதலாகப் பட்டுவிட்டது.

வெள்ளை, இருட்டு, வெள்ளை, இருட்டு. மரமெல்லாம் குதிப்பது போல இருந்தது. காளை விசில் அடித்த மாதிரி ஒரு சீறல் சீறித் தரையை உதைத்தது. வெள்ளச்சி பின்பக்கமாக ஒரே இழுப்பு. சிப்பிப்பாறைக்குத் தலை ஒடுக்கம், பட்டை காதைத் தாண்டிக் கழன்று என் கையில் கயிறு மட்டும் நின்றது. உள்ளங்கையால் டார்ச் முகத்தைப் பொத்திக்கொண்டேன். எனக்கே கண் தெரியவில்லை. சிப்பாய் என் காலை ஒட்டி நின்று உறுமிக்கொண்டிருந்தான், அந்த உறுமல் ஒன்றுதான் எனக்குத் திசை. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அப்புறம் பள்ளத்துப் பக்கம் கிளை முறிகிற சத்தம், போய்விட்டது.

வெள்ளச்சியை விடியும்போதுதான் கண்டேன். விறகுக் கொட்டகைக்குப் பின்னால், நெஞ்சில் முள்கம்பி கிழித்து, நடுங்கிக்கொண்டு கிடந்தாள். கால்நடை மருத்துவமனையில் ஏழு தையல். காயம் பதினைந்து நாளில் ஆறிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து பொத்தானின் "டக்" சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். வெளிச்சம் வரும் வரைகூடக் காத்திருப்பதில்லை. உண்ணி பார்க்கவும் அவளை உட்கார வைக்க முடியவில்லை. பகல் வெயிலில் வைத்துத்தான் பார்க்கிறேன். என் காலடியை விட்டு அகலாத நாய், நான் கையில் எடுக்கும் பொருளைக் கண்டு ஒளிகிறது. இது எனக்குத் தாங்கவில்லை.

போன மாதம் பொத்தான் ரப்பர் நைந்துபோனதால் சேலம் இறங்கினேன். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சந்தில் ரேடியோ, டார்ச் பார்க்கும் கடை. கடைக்காரத் தம்பி முன்வளையத்தைக் கழற்றி, ஐம்பது காசு அளவில் ஒரு பச்சைப் பலகையை எடுத்துக் காட்டினார். ஐந்து வேலையும் அந்தப் பலகையில்தான் இருக்கிறதாம். "சிமிட்டல் வேண்டாம்னா வேற பலகை போட்டுடலாங்க. ரெண்டே நிலை, முதல்ல குறைவு, அப்புறம் அதிகம்" என்றார். ஈயத்தில் நாலு பொட்டு வைத்து முக்கால் மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார். ரப்பரோடு சேர்த்து 250 ரூபாய்.

கடைக்கு வெளியே வந்து பட்டப்பகலில் பொத்தானை இருபது தடவை அழுத்திப் பார்த்தேன். குறைவு, அதிகம், குறைவு, அதிகம். சந்தோஷத்தைவிடக் கோபம்தான் வந்தது. இவ்வளவு சுலபமா இது? ஒரு சந்துக் கடையில் முடிகிற காரியத்தைச் செய்து அனுப்ப அந்தக் கம்பெனிக்கு என்ன தடை? நகரத்தில் தனியாகப் போகிறவர்களுக்குச் சிமிட்டல் ஒரு பாதுகாப்பு என்பார்கள், நான் மறுக்கவில்லை. வழி தவறியவனுக்கு எஸ்.ஓ.எஸ் உயிரைக் காப்பாற்றலாம், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவற்றுக்குத் தனிப் பொத்தான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாலு நொடி அழுத்திப் பிடித்தால்தான் வரும் என்று வைக்க வேண்டும். தோட்டத்தில், இருட்டில், நாயோடு நடக்கிறவன் ஒருவனையாவது கேட்டிருந்தால் அந்தப் படியை அங்கே வைத்திருக்க மாட்டார்கள்.

தம்பி, உனக்கு என் பதில் இதுதான். வாங்காதே. வெளிச்சத்தில் குறையில்லை, உழைப்பில் குறையில்லை, 1,300 ரூபாய்க்கு அது மலிவுதான், எல்லாம் நானே மேலே சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் வாங்காதே, உன் வீட்டிலும் ரெண்டு நாய் இருக்கிறது. பன்றிக்காக என்றால் வெறும் டார்ச்சை நம்பாதே. நாலு நாள் மிரளும், அஞ்சாம் நாள் வெளிச்சத்திலேயே நின்று தோண்டும். நாயைப் பன்றி மேல் ஏவிவிடவும் செய்யாதே, கொம்பன் பன்றி ஒரே வீச்சில் வயிற்றைக் கிழித்துவிடும்.

கேட்காமல் வாங்கிவிட்டாய் என்றால் ஊருக்குக் கொண்டு போகும் முன் சேலத்துக்கு எடுத்து வா. நானும் இறங்கி வருகிறேன், அந்தக் கடையில் பலகையை மாற்றிக்கொண்டு போ. உன் நாய்கள் அந்தச் சிமிட்டலை ஒருதடவை கூடப் பார்க்க வேண்டாம். பலகை மாறினாலும் "டக்" மாறாது. வெள்ளச்சிக்காக நான் இப்போது டார்ச்சை அணைத்தபடியே எடுத்துப் போய், காப்பிக் களத்தைத் தாண்டிய பிறகுதான் அழுத்துகிறேன். நேற்று ராத்திரி களத்து ஓரம் வரை கூட வந்தாள். நான் பொத்தானில் விரல் வைத்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அங்கிருந்து இருட்டிலேயே வீட்டுக்குத் திரும்பினோம்.