மோதல் வண்டி செட்: பொருள் நன்று, கூட வரும் கையேடுதான் சொதப்பல்

விசை, இயக்கம், உந்தம் (நிறையை வேகத்தால் பெருக்கினால் வருவது) பாடத்தைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டவென்றே விற்கும் வண்டி-தடம் செட் இது. நீளமான அலுமினியத் தடம், 500 கிராம் வண்டி இரண்டு, மேலே ஏற்ற 500 கிராம் கட்டிகள், முனையில் மாட்ட ஒரு கப்பி, நூல், சின்னச் சின்ன எடைக்கற்கள், அவ்வளவுதான். வண்டியின் ஒரு முனையில் காந்தம், மறு முனையில் வெல்க்ரோ, உள்ளே அமுக்கிப் பூட்டி வைக்கிற ஸ்பிரிங். நேரம் அளக்க எதுவும் தரவில்லை.

அது இல்லாததும் ஒரு விதத்தில் நல்லதுதான், ஏனென்றால் இந்த செட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த சோதனைக்குக் கடிகாரமே வேண்டாம். ஒரு வண்டியில் கட்டியை ஏற்றி 1 கிலோவாக்கி, இரண்டையும் ஒட்டி நிறுத்தி, ஸ்பிரிங்கைத் தட்டி விடுங்கள். கனமான வண்டிதான் பலமாகத் தள்ளும் என்று பிள்ளைகள் அடித்துச் சொல்வார்கள். ஆனால் ஸ்பிரிங் இரண்டையும் ஒரே விசையில், ஒரே நேரம்தான் தள்ளுகிறது, அதனால் இரண்டுக்கும் கிடைக்கும் உந்தம் அளவில் சமம், திசை மட்டும் எதிர், கூட்டினால் முன்பு இருந்த அதே பூஜ்யம். நிறை இரட்டிப்பானால் வேகம் பாதி. எனவே கனமான வண்டிக்கு முன்னால் 40 செ.மீ., லேசான வண்டிக்கு முன்னால் 80 செ.மீ. இடம் விட்டுத் தொடங்கினால் இரண்டும் ஒரே 'டக்' சத்தத்தில் முனைகளில் மோத வேண்டும். கிட்டத்தட்ட மோதுகிறது. உராய்வால் கனமான வண்டி ஒரு துளி பிந்தும். ஏன் அதுதான் பிந்துகிறது என்று கேட்டுப் பாருங்கள், அதுவே தனிப் பாடம்.

இனி கட்டியை இறக்கி இரண்டையும் சம நிறையாக்கி, ஒன்றை நிறுத்திவைத்து மற்றதை அதன் மேல் ஓடவிடுங்கள். காந்த முனைகள் எதிரெதிரே வந்தால் ஓடி வந்த வண்டி நின்றுவிட, நின்றது கிளம்பிவிடும். வெல்க்ரோ பக்கம் மோதினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு பாதி வேகத்தில் போகும்: உந்தம் அப்படியே இருக்கிறது, இயக்க ஆற்றலில் பாதி காணோம். எங்கே போனது என்ற கேள்வியை அவர்களிடமே விட்டுவிடலாம்.

இனி கையேட்டுக்கு வருவோம். நியூட்டனின் இரண்டாம் விதிச் (விசை = நிறை × முடுக்கம்) சோதனையில், நூலில் 50 கிராம் தொங்கவிட்டு, வண்டியை இழுக்கும் விசை 0.49 நியூட்டன் என்று போட்டு, அதை 0.5 கிலோவால் வகுக்கச் சொல்கிறது. முடுக்கம் 0.98 வருமாம். தப்பு. தொங்கும் கல்லும் சேர்ந்துதானே முடுக்கப்படுகிறது, ஆக வகுக்க வேண்டியது 0.55 கிலோவால், விடை சுமார் 0.89. நூலின் இழுவிசையும் 0.45 நியூட்டனுக்குக் கொஞ்சம் கீழேதான். பிள்ளை ஒழுங்காக அளந்து சரியான விடையைக் கொண்டுவந்தால் கையேட்டின்படி அது பிழையாகிவிடும், எவ்வளவு அநியாயம்! எடையைக் கூட்டும்போது வெளியிலிருந்து கல் சேர்க்காமல், முதலில் எல்லாக் கற்களையும் வண்டியில் ஏற்றிவிட்டு அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கொக்கிக்கு மாற்றினால் மொத்த நிறை மாறாது, விசை-முடுக்க வரைபடமும் நேர்கோடாக வரும். இந்த ஒரு வரியைக் கையேட்டில் எழுதியிருக்கலாம்.

தடம் இரண்டு துண்டு, இணைப்பில் வண்டி லேசாகத் துள்ளுகிறது; மோதல் அந்த இடத்தில் நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடுக்கச் சோதனைக்கு உராய்வை ஈடுகட்ட, வண்டி தட்டிவிட்டால் சீரான வேகத்தில் போகும் வரை தடத்தின் ஒரு முனைக்கடியில் காகிதம் மடித்து வைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் ஸ்பிரிங் சோதனைக்கு முன்னால் அதை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒரு வண்டி இறக்கத்திலும் மற்றது ஏற்றத்திலும் ஓடும். நேரம் அளக்க ஃபோனின் ஸ்லோ மோஷன் வீடியோ தாராளமாகப் போதும், தடத்தில் அச்சிட்ட அளவுகோல் படத்தில் தெளிவாகவே விழுகிறது. அப்புறம், சக்கரம் கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றினால் எண்ணெய் விடாதீர்கள், தூசிதான் சேரும்.